காணாமல் போன எழுத்துகள்: கணையப் புற்றுநோயின் மரபணுக் கதை

2003 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸின் வயிற்றை ஸ்கேன் செய்தபோது கணையத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சில மாதங்கள்தான், வீட்டுக்குப் போய் ஆகவேண்டியதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற தொனியில் மருத்துவர் பேசினார். அன்று மாலையே தொண்டை வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்தார்கள். ஜாப்ஸ் மயக்கத்தில் இருந்தார். நுண்ணோக்கியில் அந்தச் செல்களைப் பார்த்த மருத்துவர்கள் அழுதுவிட்டார்கள் என்று அவர் மனைவி பிறகு சொன்னாராம். நிம்மதியில் வந்த அழுகை அது. அறுவை சிகிச்சையால் குணமாக்க வாய்ப்புள்ள, அரிதான வகை. 2005 ஜூனில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஜாப்ஸே சொன்ன கதை இது. நம்மில் பலர் யூடியூபில் பார்த்திருப்போம், அந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போயிருப்போம்.

அந்த மருத்துவர்கள் எந்த மரபணுவையும் படிக்கவில்லை. செல்லின் உருவத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒரே உறுப்பு, ஒரே பெயர், ஆனால் ஒருவருக்குச் சில மாதம், இன்னொருவருக்குச் சில ஆண்டு. இந்த வித்தியாசம் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிய கதைதான் இந்தக் கட்டுரை. தேடியவர்களுக்கு விடை கிடைத்தது. ஆனால் அவர்கள் எதிர்பார்த்த வடிவத்தில் கிடைக்கவில்லை.

எல்லாமே சதை

கணையத்துக்கு கிரேக்கர்கள் வைத்த பெயர் ‘பான்கிரியாஸ்’. ‘எல்லாம் சதை’ என்று பொருள். எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை, ஏதோ சதை என்று விட்டுவிட்டார்கள். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஒளிந்திருக்கும் உறுப்பு. கை வைத்துத் தடவிப் பார்க்க முடியாது. அதில் கட்டி வந்தாலும் நீண்ட நாள் வலி தெரியாது.

1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காகக் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். செரிமான நீர் சுரக்கும் செல்களுக்கு நடுவே, கடலில் தீவுகள் மாதிரி, வேறு வகைச் செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. அவை என்ன செய்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. இன்சுலின் அங்கிருந்துதான் வருகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. நம் கதைக்கு முக்கியம் இதுதான்: கணையத்துக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. செரிமான நீர் ஓடும் நாளங்களின் உலகம் ஒன்று, ஹார்மோன் சுரக்கும் தீவுகளின் உலகம் இன்னொன்று. கணையப் புற்றுகளில் 90 சதவீதத்துக்கு மேல் நாளத்தின் பக்கம் வருபவை. அவைதான் ஆளை விழுங்குபவை. ஜாப்ஸுக்கு வந்தது தீவுச் செல்களின் பக்கம் வருவது. அதை நியூரோஎண்டோக்ரைன் கட்டி என்பார்கள்.

1935இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள், கணையத்தின் தலைப்பகுதியையும் அதை ஒட்டிய சிறுகுடலையும் வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சையை வெளியிட்டார். இன்றும் அதன் பெயர் விப்பிள்தான். அறுவை மேசையிலும் அதற்கடுத்த நாட்களிலும் நேரும் மரணம் இன்று பெரிய மையங்களில் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் நோய் என்னவோ பெரிதாக அசையவில்லை. அமெரிக்கக் கணக்குப்படி, கண்டறிந்தபின் ஐந்து ஆண்டு உயிரோடிருப்பவர்கள் 1970களின் நடுவில் 100க்கு 3 பேர். இப்போது 13 பேர். ஐம்பது வருட உழைப்புக்குக் கிடைத்தது இந்தப் பத்துப் பேர்.

கத்தி இவ்வளவுதான் போகும் என்றானபோது, மரபணு பக்கம் பார்வை திரும்பியது.

ஒரு எழுத்து

1964இல் ஜெனிஃபர் ஹார்வியும், 1967இல் வெர்னர் கிர்ஸ்டனும் எலிகளில் கட்டி உண்டாக்கும் வைரஸ்களைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். எலிக்கு வரும் சார்கோமா என்பதைச் சுருக்கி ‘ராஸ்’ என்று அந்த வைரஸ் மரபணுக்களுக்குப் பெயர் வந்தது. கிர்ஸ்டனுடையது ‘கே-ராஸ்’. பிறகு தெரிந்தது, அவை வைரஸின் சொந்தச் சரக்கே இல்லை. விலங்குச் செல்லிலிருந்து எடுத்துக்கொண்டவை. நம் செல்லிலும் இருக்கின்றன.

1982இல் வெவ்வேறு ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரு விஷயத்தைக் கண்டன. சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்லில் இருந்த ராஸ் மரபணுவுக்கும் இயல்பான ராஸ் மரபணுவுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’. அதனால் புரதத்தின் 12ஆவது இடத்தில் கிளைசீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்கார்ந்தது. ராஸ் ஒரு சுவிட்ச். ‘வளர்’ என்று செய்தி வந்தால் போடும், வேலை முடிந்ததும் தானே அணையும். கிளைசீன்தான் அமினோ அமிலங்களிலேயே சிறியது. அந்த இடத்தில் கொஞ்சம் பெரியது எது வந்தாலும் சுவிட்ச் ஒழுங்காக அணையாது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது ரொம்பப் பரிச்சயமான வகைப் பிழை. ஒரு லூப்பில் ஒரே ஒரு குறி மாறிப்போய், நிற்கவேண்டியது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

1988இல் மானுவேல் பெருச்சோவின் குழு கணையத்தைப் பார்த்தது. 22 கட்டிகளில் 21இல் கே-ராஸின் அதே 12ஆவது இடம் மாறியிருந்தது. வேறு எந்த உறுப்பின் புற்றிலும் ஒரு பிறழ்வு இவ்வளவு ஒருமனதாக வந்ததில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றே தோன்றியிருக்கும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும் அடையாளம் யாரையும் பிரித்துக் காட்டாது. ஆறு மாதத்தில் இறந்தவருக்கும் அதே கே-ராஸ், ஆறு வருடம் வாழ்ந்தவருக்கும் அதே கே-ராஸ். நோய் எப்படித் தொடங்குகிறது என்று அது சொன்னது. எப்படி முடியும் என்று சொல்லவில்லை.

இல்லாததைத் தேடுவது

பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் கெர்னின் ஆய்வகம் எதிர்த்திசையில் தேடியது. எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்தப் பக்கமே கிழிந்து போயிருக்கிறது என்று பார்த்தது. செல்லின் வளர்ச்சியை அடக்கும் மரபணுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டு பிரதிகள், ஒன்று அப்பாவிடமிருந்து, இன்னொன்று அம்மாவிடமிருந்து. இரண்டும் தொலைந்தால்தான் அடக்க ஆளில்லாமல் போகும்.

சொல்வது சுலபம். கணையக் கட்டியை வெட்டிப் பார்த்தால் அதில் பெரும்பகுதி புற்றுச் செல்லே கிடையாது. நார்த்திசுவும் இயல்பான செல்களும் கெட்டியாகச் சூழ்ந்திருக்கும், புற்றுச் செல்கள் நடுவில் ஆங்காங்கே. அதை அப்படியே அரைத்து டிஎன்ஏ எடுத்தால், புற்றுச் செல்லில் இல்லாத மரபணு பக்கத்துச் செல்லிலிருந்து வந்து குறையை மறைத்துவிடும். ஹாப்கின்ஸ் குழு இதற்கொரு வழி வைத்திருந்தது. நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளில் மனிதக் கட்டித் துண்டுகளை வளர்த்தார்கள். கட்டி வளர வளர, சுற்றியிருந்த மனிதச் செல்கள் மறைந்து அந்த இடத்தை எலியின் செல்கள் பிடித்தன. கடைசியில் அங்கே மிஞ்சிய மனித டிஎன்ஏ எல்லாம் புற்றினுடையது. இப்போது ஓட்டை ஓட்டையாகவே தெரிந்தது.

1996இல் 18ஆவது குரோமோசோமில் அப்படியொரு ஓட்டைக்குள் இருந்த மரபணுவை அறிவித்தார்கள். வைத்த பெயர் ‘டிபிசி4’. கணையப் புற்றில் காணாமல் போனது, இடம் நான்கு என்பதன் சுருக்கம். இல்லாமையை வைத்தே பெயர் பெற்ற மரபணு. இப்போது அதை ஸ்மாட்4 என்கிறோம். வளர்ச்சியை நிறுத்தச் சொல்லி வெளியிலிருந்து வரும் கட்டளையைக் கருவுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. கணையக் கட்டிகளில் சுமார் பாதியில் அது இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு இதே குழு 13ஆவது குரோமோசோமில் இன்னொரு ஓட்டையைப் பார்த்திருந்தது. மார்பகப் புற்றுக் குடும்பங்களில் பலரும் துரத்திக்கொண்டிருந்த பிஆர்சிஏ2 என்ற மரபணுவின் இடத்தைக் குறுக்க அது உதவியது. 1995 டிசம்பரில் மைக்கேல் ஸ்ட்ராட்டனின் பிரிட்டிஷ் குழு அந்த மரபணுவைப் பிடித்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

2000 வாக்கில் சித்திரம் ஒருவாறு தெளிந்தது. முதலில் கே-ராஸ் மாறுகிறது. அடுத்து பி16 போகிறது. கடைசிப் படிகளில் டிபி53உம் ஸ்மாட்4உம். நான்கு மரபணு, ஒரு ஏணி. 2008இல் 24 கணையப் புற்றுகளில் 20,000க்கு மேற்பட்ட மரபணுக்களைப் படித்துப் பார்த்தபோது ஒவ்வொரு கட்டியிலும் சராசரியாக 63 மாற்றங்கள் இருந்தன. ஆனால் ஆளுக்கு ஆள் பொதுவாக வந்தவை பெரும்பாலும் இந்த நாலு பேர்தான்.

எவ்ளோ நாள்னு எங்கடா போட்டிருக்கு?

சில வருடம் முன்பு ஒரு ராத்திரி நண்பன் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். அவன் அம்மாவின் கட்டியின் மரபணு அறிக்கை, பதினான்கு பக்கம். “எல்லாம் எழுத்தும் நம்பருமா இருக்கு. இதுல எவ்ளோ நாள்னு எங்கடா போட்டிருக்கு?” என்று கேட்டான். கே-ராஸ், டிபி53, ஸ்மாட்4 மூன்றும் பட்டியலில் இருந்தன. அவன் கேட்டது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவன் கேள்வியை அறிவியலும் அதே ஆசையோடு கேட்டிருக்கிறது. ஹாப்கின்ஸில் கிறிஸ்டின் ஐகோபுஸியோ-டொனஹ்யூ என்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஒரு திட்டத்தை நடத்தினார். கணையப் புற்றோடு வாழ்பவர்களும் குடும்பத்தாரும் முன்கூட்டியே சம்மதம் தருவார்கள். மரணம் நிகழ்ந்த சில மணி நேரத்துக்குள் பிரேதப் பரிசோதனை நடக்கும். கட்டி எங்கெங்கே போயிருக்கிறது என்று கல்லீரல், நுரையீரல், வயிற்று உறை என ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாதிரி எடுப்பார்கள். வீட்டில் ஒப்பாரி ஓயும் முன்பே உடலைக் கொடுக்கச் சம்மதிப்பது எத்தனை பெரிய காரியம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2009இல் அப்படி 76 பேரின் முடிவுகள் வெளிவந்தன. 70 சதவீதம் பேர் நோய் உடலெங்கும் பரவி இறந்திருந்தார்கள். மீதி 30 சதவீதம் பேருக்குப் பெரிதாகப் பரவவில்லை, இருந்த இடத்திலேயே வளர்ந்து கொன்றிருந்தது. நோய் தெரிந்தபோது எந்தக் கட்டத்தில் இருந்தது, என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்பதை வைத்து இந்த இரு வகையையும் பிரிக்க முடியவில்லை. ஸ்மாட்4ஐ வைத்துப் பிரிக்க முடிந்தது. அது தொலைந்த கட்டிகள் பரவும் பக்கம் அதிகம் சாய்ந்தன. ஒரு மரபணு நோயின் போக்கைப் பற்றி வாய் திறந்தது அப்போதுதான். ஆனால் அது சொன்னது ‘எப்படி’ என்பதைத்தான். ‘எத்தனை நாள்’ என்பதை இல்லை. இன்றும் ஸ்மாட்4ஐ மட்டும் பார்த்து யாரும் சிகிச்சையை முடிவு செய்வதில்லை.

அடுத்த ஆண்டு அதே திட்டத்திலிருந்து இன்னொரு ஆய்வு. ஏழு பேரின் உடலில் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த கட்டிகளின் பிறழ்வுகளை ஒப்பிட்டார்கள். செல் பிரியப் பிரிய எழுத்துப் பிழைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சேரும். பிழைகளை எண்ணினால் காலத்தைக் கணக்கிடலாம். கிட்-இல் கமிட்டுகளைப் பின்னோக்கிப் போய், கிளை எப்போது பிரிந்தது என்று பார்க்கிற மாதிரி. விடை யாரும் எதிர்பாராதது. முதல் பிறழ்விலிருந்து புற்றின் மூலச் செல் உருவாகக் குறைந்தது பத்து ஆண்டு. அது பரவும் திறன் பெற இன்னும் ஐந்து ஆண்டாவது. அதன்பின் மரணம் வரை சராசரியாக இரண்டே ஆண்டு.

மின்னல் மாதிரி வருகிறது என்று எல்லோரும் நினைத்த நோய் பதினைந்து வருடமாக உள்ளே இருந்திருக்கிறது. நமக்குக் கண்ணில் படுவது கடைசிக் காட்சி மட்டும்தான்.

ஒரே பிறழ்வு, இரண்டு தீர்ப்பு

ஜாப்ஸின் பக்கம் திரும்புவோம். கடைசி ஆண்டுகளில் அவர் தன் கட்டியின் மரபணுக்களை முழுதாகப் படிக்க வைத்தார். அப்படிச் செய்துகொண்ட உலகின் முதல் இருபது பேரில் ஒருவர் என்றும், செலவு ஒரு லட்சம் டாலர் என்றும் வால்டர் ஐசக்ஸன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

2011 தொடக்கத்தில் ஹாப்கின்ஸ் குழு நியூரோஎண்டோக்ரைன் கட்டிகளின் மரபணுப் பட்டியலை வெளியிட்டது. கே-ராஸும் மற்ற மூவரும் அங்கே முக்கியமே இல்லை. 44 சதவீதக் கட்டிகளில் மென்1, 43 சதவீதத்தில் டாக்ஸ் அல்லது ஏடிஆர்எக்ஸ். நுண்ணோக்கியில் கண் பார்த்த வித்தியாசம் உண்மைதான்; இவை அடிமுதல் வேறு நோய்கள் என்று உறுதியானது. கூடவே ஒரு நல்ல சேதி: இந்தப் பிறழ்வுகள் உள்ளவர்கள் இல்லாதவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள்.

2014இல் இன்னொரு குழு, அறுவை செய்து எடுத்த கட்டிகளை ஆராய்ந்தது. டாக்ஸ் அல்லது ஏடிஆர்எக்ஸ் தொலைந்த கட்டிகள்தான் சீக்கிரம் திரும்பி வருகின்றன என்றது. அதே பிறழ்வு, நேர் எதிர்த் தீர்ப்பு. யார் சொன்னது தப்பு?

யாரும் தப்பில்லை. யாரை எண்ணினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தொடக்க நிலையில் அறுவை செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அதில் பெரும்பாலான கட்டிகள் சாதுவானவை. அந்தக் கூட்டத்தில் டாக்ஸ் தொலைந்தது என்றால் ஆபத்தான பாதையில் காலெடுத்து வைத்துவிட்டது என்று அர்த்தம். ஏற்கெனவே பரவிய நோயாளிகளை மட்டும் எடுத்தால், அங்கே எல்லாமே ஆபத்தானவை. அவற்றில் டாக்ஸ் வழியாக வந்தது கொஞ்சம் மெதுவானது, வேறு வழியாக வந்தவை இன்னும் வேகமானவை. ஒரே எழுத்து, கேட்கும் இடத்தைப் பொறுத்து எச்சரிக்கையும் ஆகிறது, ஆறுதலும் ஆகிறது.

ஜாப்ஸ் 2011 அக்டோபர் 5 அன்று இறந்தார். கட்டி தெரிந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாளத்துப் பக்கத்திலும் இந்தப் பாடம் உண்டு. அறுவைக்குப் பின் பத்து ஆண்டுக்கு மேல் வாழ்ந்த அபூர்வமான சிலரின் கட்டிகளை ஹாப்கின்ஸில் படித்து 2015இல் வெளியிட்டார்கள். அவர்களிடம் மட்டும் ஏதாவது தனி எழுத்து இருக்கும் என்றுதானே எவரும் நினைப்போம்? இல்லை. அதே நாலு பேர்தான் அங்கேயும். நீண்ட வாழ்வை அந்த மரபணுக்களால் விளக்க முடியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து வினோத் பாலச்சந்திரனின் நியூயார்க் குழு, நீண்ட நாள் வாழ்ந்தவர்களின் கட்டிக்குள் நோய் எதிர்ப்பு டி-செல்கள் அதிகம் இருப்பதைக் காட்டியது. பிறழ்வு என்ன என்பதோடு, அதை உடல் அடையாளம் கண்டதா என்பதும் கணக்கில் வருகிறது. சோர்ஸ் கோடு முழுக்கக் கையில் இருந்தாலும் சர்வர் எப்போது விழும் என்று சொல்லிவிட முடியாது. அது எந்த மெஷினில், எந்தச் சுமையில் ஓடுகிறது என்றும் தெரியவேண்டும்.

நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

நண்பனின் அறிக்கையில் இன்னொரு வரி இருந்தது. பிஆர்சிஏ2: மாற்றம் இல்லை. “இது நல்லதா கெட்டதா?” என்று அடுத்த செய்தி.

1995இல் கேட்டிருந்தால் விடை எளிது. பிஆர்சிஏ2 செல்லின் டிஎன்ஏ உடையும்போது ஒட்டும் வேலையைச் செய்வது. அதில் பிறழ்வோடு பிறப்பவர்களுக்குப் புற்று வரும் அபாயம் கூடுதல். இல்லையென்றால் நல்லது. 2005இல் கதை மாறியது. பார்ப் என்ற இன்னொரு பழுதுபார்க்கும் நொதியை மருந்தால் தடுத்தால், பிஆர்சிஏ இல்லாத செல்கள் இரண்டு வழியும் அடைபட்டுச் சாகின்றன என்று ஆய்வகங்களில் கண்டார்கள். புற்றின் பலமே அதன் பலவீனம் ஆனது. 2019இல் ஓலாபரிப் என்ற மாத்திரையைக் கணையப் புற்றில் சோதித்த முடிவு வந்தது. 3,315 பேரைச் சோதித்ததில் 247 பேருக்குத்தான் பிறவியிலேயே வந்த பிஆர்சிஏ பிறழ்வு இருந்தது. கடைசியில் 154 பேர் சோதனைக்குள் வந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு நோய் 7.4 மாதங்களுக்கு மேல் வளராமல் நின்றது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3.8 மாதம். மொத்த ஆயுளில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சின்ன வெற்றிதான். ஆனால் கணையப் புற்றில் பிறவி மரபணுவைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பெரிய சோதனை ஒன்று காட்டியது இதுவே முதல்முறை.

ஆக, பிஆர்சிஏ2 பிறழ்வு இல்லை என்பது அம்மாவுக்கு ஒரு கதவு குறைவு. பிள்ளைகளுக்கு ஒரு பயம் குறைவு. ஒரே வரி, ஒரே வீட்டில் இரண்டு அர்த்தம். அதை அப்படியேதான் அவனுக்கு எழுதினேன்.

இன்று அமெரிக்க வழிகாட்டு நெறிகள் கணையப் புற்று உள்ள அனைவருக்குமே பிறவி மரபணுச் சோதனையைப் பரிந்துரைக்கின்றன. அந்தச் சோதனை நோயாளிக்கு மட்டும் உரியதில்லை. ஜிம்மி கார்ட்டரின் குடும்பத்தைப் பாருங்கள். அப்பா 1953இல், தங்கை ரூத் 1983இல், தம்பி பில்லி 1988இல், தங்கை குளோரியா 1990இல். நால்வரையும் கொன்றது கணையப் புற்று. கார்ட்டர் 100 வயது வாழ்ந்து 2024 டிசம்பரில் இறந்தார். அந்த வீட்டில் புகைபிடிக்காதவர் தான் ஒருவரே என்று அவர் சொல்வதுண்டு. ஒரே ரத்தம்தான். ஆனால் எழுத்து எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

தொட முடியாதது என்று பல காலம் கைவிட்ட ராஸ் சுவிட்சிலும் 2013இல் கெவன் ஷோகாட்டின் கலிஃபோர்னியா குழு மருந்து போய் ஒட்டிக்கொள்ள ஒரு சிறு குழியைக் கண்டுபிடித்தது. 2021இல் அந்த வழியில் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, நுரையீரல் புற்றுக்கு. அது குறிவைக்கும் ராஸ் வகை கணையத்தில் 100க்கு ஒன்றிரண்டு பேரிடம்தான் உண்டு. கணையத்தில் அதிகம் வரும் வகைகளுக்கான மருந்துகளையும் நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள். அவை பலித்தால், யாரையும் பிரித்துக் காட்டாததால் பயனற்றுப் போன 1988இன் கண்டுபிடிப்பு, அதே காரணத்தால் எல்லோருக்கும் பயன்படும்.

அதுவரை நம் கையில் இருப்பது அந்த ஏழு பேர் விட்டுச்சென்ற கணக்கு. பதினைந்து ஆண்டு. பிஆர்சிஏ2 போன்ற பிறழ்வோடு பிறந்தவர்கள், வீட்டில் இரண்டு மூன்று பேரை இந்த நோய்க்குக் கொடுத்தவர்கள், எந்த வலியும் இல்லாமலேயே ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போய்ப் படுக்கிறார்கள். பெரும்பாலான முறை ஒன்றும் தெரிவதில்லை. எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த வருடம் திரும்ப வருகிறார்கள்.